விளையாட்டு உடையும் மரபின் எல்லையும்: இராமநாதபுரம் வட்டார நிகழ்த்துகலைகளின் ஆடை வடிவமைப்பில் வெகுசனப் பண்பாட்டின் இடம்

ஆய்வுச்சுருக்கம்

இராமநாதபுரம் வட்டாரத் திருவிழா மேடைகளில் காணப்படும் வேட உடைகள் தொன்மம், அரசவை, பார்சி நாடகம், திரைப்படம், அன்றாடச் சந்தை ஆகிய பல மூலங்களிலிருந்து உறுப்புகளை எடுத்து ஒன்றாக்குகின்றன. இக்கலப்பை மரபின் சீரழிவாகக் காணும் போக்கு நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுகளிலும் அரசு விழா ஏற்பாடுகளிலும் உண்டு. சேதுபதி அரண்மனைச் சுவரோவியங்கள், இசை நாடக மேடை, கரகாட்டம், அழகர் திருவிழா வேடங்கள் ஆகியவற்றை ஒப்பிட்டு, கலப்பு இவ்வுடைகளின் அமைப்பு விதியாகவே இருந்து வருவதை இக்கட்டுரை விளக்குகிறது. அவ்விளையாட்டின் சுமை யார் மீது விழுகிறது, அதன் படைப்புரிமை யாருக்கு வழங்கப்படுகிறது என்னும் வினாக்களையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: வேட உடை, கரகாட்டம், இசை நாடகம், பபூன், சேதுபதி ஓவியங்கள், வெகுசனப் பண்பாடு, தையற்கலை.

முன்னுரை

உடை உடலை மறைப்பதோடு நிற்பதில்லை. அணிந்தவரின் பால், வயது, சாதி, தொழில், மணநிலை, செல்வநிலை ஆகியவற்றைப் பார்ப்பவருக்கு அறிவிக்கவும் செய்கிறது. மொராவிய சுலோவாக்கியப் பகுதியின் நாட்டார் உடைகளை ஆராய்ந்து 1937-இல் நூல் வெளியிட்ட பியோத்தர் பொகத்திரியோவ், ஓர் உடை ஒரே நேரத்தில் பல செயற்பாடுகளை ஆற்றுகிறது என்றும், சூழலுக்கேற்ப அவற்றுள் ஒன்று மேலோங்குகிறது என்றும் விளக்கினார். வேலைநாள் உடையில் பயன்பாடு மேலோங்கும். விழாநாள் உடையில் அழகும் சடங்கும் மேலோங்கும். இக்கருத்தைத் தமிழ் நிகழ்த்துகலைகளுக்குப் பொருத்தும்போது மற்றொரு செயற்பாட்டையும் சேர்க்க வேண்டியுள்ளது. அன்றாட உடை ஒழுங்கை அறிந்தே மீறி, அம்மீறலைப் பார்வையாளர் மகிழ்ச்சியுடன் ஏற்கச் செய்வதே அது. இத்தகைய உடையை இக்கட்டுரை ‘விளையாட்டு உடை’ எனக் குறிக்கிறது.

இராமநாதபுரம் மாவட்டத்தில் அம்மன் கோயில் முளைப்பாரி விழாக்களும், சித்திரை, ஆடி மாதத் திருவிழாக்களும் இவ்வுடைகளுக்குக் களமாகின்றன. கரகாட்டம், ஒயிலாட்டம், பொய்க்கால் குதிரை, ராஜா ராணி ஆட்டம், இசை நாடகம் எனப் பல வடிவங்கள் ஒரே ஊரின் விழாவில் அடுத்தடுத்து நிகழ்வதுண்டு. இவற்றின் ஆட்டமுறையும் பாடலும் ஆராயப்பட்ட அளவிற்கு உடை ஆராயப்படவில்லை. பெரும்பாலான ஆய்வேடுகளில் ‘ஒப்பனை’ என்னும் உட்தலைப்பின்கீழ் ஒரு பத்தியாக அது சுருங்கிவிடுகிறது. அப்பத்தியும் பெரும்பாலும் திரைப்படத் தாக்கத்தால் மரபுடை மறைந்தது என்னும் வருத்தத்துடன் முடிகிறது. அவ்வருத்தத்தின் அடிப்படை சரியானதா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

சேதுபதி ஓவியங்களில் உடைக் கலப்பு

திரைப்படம் வருவதற்கு முன் இவ்வட்டார உடை கலப்பற்று இருந்தது என்னும் எண்ணத்திற்கு எதிரான சான்று இராமநாதபுரம் நகரிலேயே உள்ளது. கிழவன் சேதுபதி காலத்தில் எழுந்த இராமலிங்க விலாசம் அரண்மனையின் சுவர்களில் 18-ஆம் நூற்றாண்டின் முதற்காலைச் சேர்ந்த ஓவியங்கள் காணப்படுகின்றன. முத்து விஜய ரகுநாத சேதுபதியின் அரசவை, தஞ்சை மராத்தியருடன் நிகழ்ந்த போர், ஐரோப்பியரை மன்னர் வரவேற்றல், இசையும் நடனமும் நிகழும் அந்தப்புரம், இராமாயண, பாகவதக் காட்சிகள் ஆகியன தமிழ்க் குறிப்புகளுடன் அங்குத் தீட்டப்பட்டுள்ளன.

இவ்வோவியங்களில் உள்ள முகலாயப் பண்பாட்டுத் தாக்கத்தை இரா. நாகசாமி தனியே ஆராய்ந்துள்ளார். மன்னர் மெல்லிய நீள் அங்கியும் தலைப்பாகையும் அணிந்து தோன்றுகிறார். ஐரோப்பியர் தொப்பியும் மேற்சட்டையும் அணிந்துள்ளனர். தொன்மக் காட்சிகளில் தெய்வங்கள் கிரீடமும் அணிகளும் பூண்டுள்ளன. ஒரே கட்டடத்தின் சுவர்களில் மூன்று வகை உடைமொழிகள் அடுத்தடுத்து நிற்கின்றன. இராமேசுவரம் செல்லும் சேது வழியைக் காத்ததால் பெயர் பெற்ற அரச மரபு, தன் சைவ அடையாளத்தை விடாமலேயே வடபுல அரசவை உடையைத் தன் பெருமைக்குப் பயன்படுத்திக்கொண்டது.

இதனை யாரும் சீரழிவு என்பதில்லை. பண்பாட்டு உறவு என்றே வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அரசன் பிறநாட்டு அங்கி அணிந்தால் உறவு, கரகாட்டப் பெண் திரைப்படப் பாணிப் பாவாடை அணிந்தால் சீரழிவு என்னும் இரட்டை அளவுகோலை ஆய்வாளர் கவனிக்க வேண்டும்.

இசை நாடக மேடை: உடையும் காலமும்

மதுரை, இராமநாதபுரம், சிவகங்கை, புதுக்கோட்டை வட்டாரங்களில் இன்றும் ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடைபெறும் இசை நாடகம், ‘ஸ்பெஷல் நாடகம்’ என வழங்கப்படுகிறது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வடிவமைத்த வள்ளி திருமணம், பவளக்கொடி போன்ற நாடகங்களே இதன் அடித்தளம். இதன் அமைப்பு முறை உடையை அறிய இன்றியமையாதது. நிலையான குழு இதற்கு இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ் எனத் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பட்ட கலைஞர்கள் அன்றிரவு மேடையில்தான் ஒன்றுசேர்கின்றனர். ஒத்திகை கிடையாது. சூசன் செய்சர் 2005-இல் வெளியிட்ட ‘ஸ்டிக்மாஸ் ஆஃப் த தமிழ் ஸ்டேஜ்’ என்னும் நூல் இம்முறையை விரிவாகப் பதிவு செய்துள்ளது.

ஒவ்வொரு கலைஞரும் தம் உடையைத் தாமே கொண்டுவருகிறார் என்பதே இங்குக் கருதத்தக்கது. நாடகம் முழுமைக்கும் உடையைத் திட்டமிடும் ஒருவர் இல்லை. எனவே ஒரே நாடகத்தில் பல காலத்து உடைகள் இயல்பாகவே சந்திக்கின்றன. ராஜபார்ட் அணியும் வெல்வெட் அங்கி, சரிகை வேலைப்பாடு, அட்டைக் கிரீடம், தோளணி ஆகியன பார்சி நாடகக் குழுக்களின் வழியாகவும், இரவிவர்மா பாணி அச்சுப்படங்களின் வழியாகவும் தமிழ் மேடையில் நிலைபெற்றவை. இன்று ‘புராண உடை’ என்று எல்லாரும் ஏற்கும் தோற்றம், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெகுசனப் பண்பாடாக அறிமுகமானதேயாகும்.

பபூனின் நிலை வேறு. அவர் பெரும்பாலும் கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சட்டையும், அளவுக்கு மிகத் தளர்ந்த அல்லது இறுகிய காற்சட்டையும், பொருந்தாத தொப்பியும் அணிகிறார். அவ்வப்போதைய திரைநாயகர்களின் பாணியைச் சற்றே மிகைப்படுத்தி அணிவதும் உண்டு. முருகனும் வள்ளியும் புராணக் காலத்தில் நிற்க, பபூன் பார்வையாளரின் காலத்தில் நிற்கிறார். விலைவாசியையும் ஊர்ச் செய்திகளையும் பேசும் உரிமை அவருக்கு இருப்பது இதனாலேயே. அவரது உடை ‘நான் உங்கள் ஆள்’ என்று பேச்சுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. பொகத்திரியோவின் நோக்கில் கூறினால், ராஜபார்ட்டின் உடையில் அழகியற் செயற்பாடும் பபூனின் உடையில் மீறற் செயற்பாடும் மேலோங்குகின்றன. நாடகத்திற்கு இரண்டும் வேண்டும். பபூனுக்குப் புராண உடை அணிவித்துவிட்டால் நாடகம் தூய்மையாகிவிடும். ஆனால் ஊருடன் பேசுவதற்கு மேடையில் ஆள் இராது.

கரகாட்ட உடை: பயன்பாடும் பகட்டும்

கரகம் சக்திக் கரகம், ஆட்டக் கரகம் என இருவகைப்படும். சடங்கிற்குரிய சக்திக் கரகத்தை விரதமிருந்தவர் மஞ்சள் நீராடிய எளிய உடையில் எடுத்து வருவார். அங்கு அலங்காரம் முழுவதும் பூக்களாகக் குடத்தின் மேல் குவிகிறது. ஆட்டக் கரகத்தில் அலங்காரம் குடத்திலிருந்து ஆடுபவரின் உடலுக்கு இறங்கி வருகிறது. குடத்தின் உச்சியில் கிளி ஆட, கீழே சம்கி பதித்த குட்டைப் பாவாடையும், இறுக்கமான ரவிக்கையும், சலங்கையும் மின்னுகின்றன. ஒரே பெயருடைய இரு வடிவங்களின் உடைகள் இவ்வளவு விலகி நிற்பது, உடையைத் தீர்மானிப்பது கலையின் பெயரன்று, அது நிகழும் சூழலே என்பதைக் காட்டுகிறது.

குட்டைப் பாவாடை திரைப்படத்திலிருந்து வந்த கவர்ச்சி என்றே பொதுவாகக் கூறப்படுகிறது. ஆட்டத்தின் உடல் தேவைகளை நோக்கினால் வேறு காரணங்களும் புலப்படும். தலையில் குடம் நிற்கையில் கலைஞர் குனிந்து பார்க்க இயலாது. ஏணியில் ஏறுதல், தரையில் உருளுதல், கண்ணிமையால் ஊசி எடுத்தல், தீவளையத்துடன் ஆடுதல் ஆகியன இக்கலையின் சாகசங்கள். கால்வரை நீளும் உடை இவற்றில் தடுக்கும். நெருப்பருகே ஆபத்தும் ஆகும். தொங்கும் மேலாடையும் அவ்வாறே. மேலும் நையாண்டி மேளத்தின் தாளத்திற்குக் காலடி ஒத்து நிற்பதைப் பார்வையாளர் காணவேண்டும். எனவே முழங்காலுக்கு மேல் அல்லது அதை ஒட்டி நிற்கும் பாவாடையும், அதன் உள்ளே இறுக்கமான காலுறை போன்ற உடையும் ஆட்டத்திற்கு ஏற்ற தீர்வாக அமைந்தன. கவர்ச்சியை ஊர் எதிர்பார்த்ததும் உண்மையே. பயன்பாடும் பகட்டும் இவ்வுடையில் பிரிக்க இயலாதவாறு பின்னியுள்ளன.

ஒளியும் ஒரு காரணம். தீவட்டியும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் ஒளி தந்த இரவுகளில், தொலைவில் அமர்ந்தவருக்கு ஆட்டத்தைப் புலப்படுத்தியது ஜிகினாவும் சம்கியும் கண்ணாடித் துண்டுகளும் திருப்பி அனுப்பிய ஒளியே. மின்விளக்கு வந்தபின் அத்தேவை குறைந்தது. பளபளப்பு வழக்கமாக நிலைத்தது.

திரைப்படத்துடனான உறவு ஒருவழிப்பட்டதன்று. ஏ. பி. நாகராசன் இயக்கிய ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) திரைப்படத்தில் மனோரமா ஏற்ற ஜில் ஜில் ரமாமணி பாத்திரம், நாட்டுப்புற மேடைக் கலைஞரின் பேச்சையும் பகட்டையும் திரைக்கு எடுத்துச் சென்றது. கங்கை அமரன் இயக்கத்தில் வெளிவந்து நெடுநாள் ஓடிய ‘கரகாட்டக்காரன்’ (1989) இக்கலையைத் தமிழகமெங்கும் பேசவைத்தது. அத்திரைப்படத்தின் பாடல்கள் பின்னர்க் கரகாட்ட மேடைகளுக்கே திரும்பின. திரை மேடையிடம் எடுத்தது, மேடை அதனைத் திரும்பப் பெற்றது. இப்பரிமாற்றத்தில் ‘மூலம்’ எது என்று பிரித்துக் காட்டுவது கடினம்.

அணிகலன்களிலும் இதே நிலை. ‘பூவே பூச்சூடவா’ (1985) வெளிவந்தபின் நதியா கம்மல், நதியா வளையல் என்று திருவிழாக் கடைகளில் கூவி விற்கப்பட்டதை அக்காலத்தவர் அறிவர். நடிகையின் பெயர் ஒரு கம்மல் வகைக்குப் பெயராவது வெகுசனப் பண்பாடு. அக்கம்மல் கோயில் கடைவீதியில் வாங்கப்பட்டு நேர்த்திக்கடன் நாளில் அணியப்படுவது நாட்டார் வழக்கு. இரண்டும் ஒரே பொருளில் நிகழ்கின்றன.

தைப்பவர்கள்: பெயரில்லா வடிவமைப்பாளர்கள்

இவ்வுடைகளை வடிவமைப்போர் யார் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. தென்மாவட்டங்களின் வேட உடைகளுக்கு மதுரை நெடுங்காலமாக மையமாக விளங்குகிறது. மீனாட்சியம்மன் கோயிலின் எதிரே திருமலை நாயக்கர் எழுப்பிய புதுமண்டபத்தில் வரிசையாக அமர்ந்திருந்த தையற்காரர்கள், சாமி உடை, நாடக உடை, பள்ளி விழா உடை, நேர்த்திக்கடன் வேட உடை என அனைத்தையும் தைத்துத் தந்தனர். அண்மை ஆண்டுகளில் இக்கடைகள் குன்னத்தூர் சத்திரத்திற்கு மாற்றப்பட்டன. இவர்களுள் இசுலாமியத் தையற்கலைஞர்கள் பலர். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகருக்காக வேடமிடும் அடியார்களின் உடைகள் அவர்கள் கைகளில் உருவாகின்றன.

அவ்வேடங்கள் குறித்துத் தொ. பரமசிவன் தம் ‘அழகர் கோயில்’ ஆய்வில் விளக்கியுள்ளார். திரியெடுத்து ஆடுவோர், சாட்டையடித்து ஆடுவோர், துருத்தி நீர் தெளிப்போர் என அவர் வகைப்படுத்திய அடியார்கள் சல்லடம் எனப்படும் முழங்காலளவுக் காற்சட்டையும், கச்சையும், தலையில் உருமாலோ குல்லாயோ அணிந்து வருகின்றனர். இராமநாதபுரம் மாவட்டத்திலும் பரமக்குடியில் சுந்தரராசப் பெருமாள் கள்ளழகர் கோலத்தில் வைகையில் இறங்கும் விழா நிகழ்கிறது. சல்லடமும் கச்சையும் காவல் தெய்வ மரபின் பழைய உடைகள். அவற்றின் மீது ஏறிய வெல்வெட்டும் சம்கியும் நாடக மேடையிலிருந்து வந்தவை. வயலிலும் ஆலையிலும் உழைக்கும் ஓர் ஆண் ஆண்டிற்கு ஒருமுறை சிவப்பு வெல்வெட்டும் மயிற்பீலியும் அணிந்து தெருவில் ஆடுகிறார். நகைப்பிற்குரிய ஒன்றாக ஊர் இதைக் கருதுவதில்லை. அன்றைய நாளில் அவர் அழகரின் ஆள்.

தையற்காரரின் வடிவமைப்பு அறிவு நுட்பமானது. வாடகை உடை பல உடல்களுக்குப் பொருந்த வேண்டும். எனவே முதுகுப்புறம் தைக்காமல் நாடாவால் கட்டும் முறை அமைகிறது. வெல்வெட்டைத் துவைக்க இயலாது. ஆகவே வியர்வை படும் இடங்களில் பருத்தி உள்துணி வைக்கப்படுகிறது. முன்புறம் மட்டும் நிறைவேலை செய்து, பார்வையாளர் காணாத பின்புறத்தில் செலவு குறைக்கப்படுகிறது. வாடிக்கையாளர் கைப்பேசியில் காட்டும் திரைப்படக் காட்சியையும், தம் கையிலுள்ள துணியையும், ஊரார் ஏற்கும் அளவையும் ஒருசேர எண்ணி முடிவெடுப்பவர் அவர்.

இதே கலப்பைப் புதுமைப் பாணியின் உலகில் செய்பவருக்குப் பெயர் கிடைக்கிறது. 1997-இல் தம் பெயரில் ஆடையகம் தொடங்கிய மணீஷ் அரோரா, இந்தியக் கடைவீதிக் காட்சிகளையும் கூசும் வண்ணங்களையும் கைவேலைப்பாட்டையும் கலந்து, பாரிசு மேடைவரை சென்றார். மரபையும் வெகுசனப் பண்பாட்டையும் விளையாட்டாகக் கலக்கும் துணிவு என அது பாராட்டப்பட்டது. அப்பாராட்டு தகுதியுடையதே. ஆயின் அதே செயலைத் திருவிழாத் தையற்காரர் செய்யும்போது ‘மரபு கெட்டது’ என்று எழுதுவதில் முரண் உள்ளது. ஒருவர் கலப்பைத் தெரிந்து செய்கிறார், மற்றவர் அறியாமல் செய்கிறார் என்னும் அனுமானமே இம்முரணின் வேர். மேற்காட்டிய செய்முறை நுட்பங்கள் அவ்வனுமானத்தை ஏற்க இடந்தரவில்லை.

விளையாட்டின் எல்லை

கலப்பு இயல்பானது என்று கூறுவதால் எல்லா விளையாட்டு உடைகளும் ஏற்கத்தக்கன என்று ஆகாது. குறவன் குறத்தி ஆட்டம் இதற்குத் தெளிவான சான்று. பாசிமணி, கூடை, துண்டுத் துணி ஆகியவற்றால் ஒரு சமூகத்தாரின் தோற்றத்தைப் புனைந்து, அதன்மேல் பாலியல் நகைச்சுவையை ஏற்றி ஆடப்பட்டது அது. அச்சமூகத்தாரின் நெடிய எதிர்ப்பும் சென்னை உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் தலையீடும் சேர்ந்து, 2023-இல் அவ்வாட்டத்திற்குத் தமிழக அரசு தடை விதிப்பதில் முடிந்தன. பபூனின் உடை தன்னையும் அதிகாரத்தையும் கேலி செய்கிறது. இவ்வுடையோ மேடைக்குக் கீழே வாழும், மறுமொழி கூற இடமில்லாத மக்களைக் கேலி செய்தது. விளையாட்டு எத்திசையில் பாய்கிறது என்பதே அளவுகோலாக வேண்டும்.

மற்றோர் எல்லை காவல்துறை அனுமதியில் அமைகிறது. கோயில் விழா ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி வழங்கும் நீதிமன்ற ஆணைகளில், ஆபாச நடனமோ இரட்டைப்பொருள் பாடலோ இடம்பெறலாகாது என்னும் நிபந்தனை தொடர்ந்து இடம்பெறுகிறது. நோக்கம் நல்லது. நடைமுறையில் அதன் பளு ஆடும் பெண்ணின் உடையின் மீதே இறங்குகிறது. அவ்வுடையைக் கேட்டவர் விழாக்குழுவினர்; இரட்டைப்பொருள் உரையைத் தொடங்குபவர் பெரும்பாலும் ஆண் கலைஞர்; சீட்டி அடிப்பவர் பார்வையாளர். ஆயினும் நிகழ்ச்சி நின்றால் முதலில் வருவாய் இழப்பவரும், ‘ஆட்டக்காரி’ என்னும் இழிபெயரைச் சுமப்பவரும் அப்பெண்ணே. செய்சர் நாடகப் பெண்கலைஞர்கள் குறித்துச் சுட்டிய இழிவுச் சுமை கரகாட்டப் பெண்களுக்கும் அப்படியே பொருந்துகிறது.

அரசு விழாக்களும் கல்லூரி மேடைகளும் கண்டுள்ள தீர்வு, கணுக்கால்வரை நீண்ட, பரதநாட்டிய உடையைத் தழுவிய சீருடை. அதனை ‘மரபுடை’ என்று அறிவிப்பதில்தான் சிக்கல் உள்ளது. கரகாட்டம் எக்காலத்திலும் அவ்வுடையில் ஊர்த்தெருவில் ஆடப்பட்டதாகக் கொள்வதற்கில்லை. அதுவும் நடுத்தர வகுப்பின் அழகுணர்வும் நாட்டார் கலையும் கலந்த ஒரு புதிய கலவையே. கலைஞர் விரும்பி ஏற்றால் அதில் குறையில்லை. தம் மதிப்பு உயர்ந்ததாகக் கருதி அதனை விரும்பி அணிவதும் இயல்பே. ஆயின் ஆய்வாளர் அதற்குத் தொன்மை கற்பிப்பது, ஊர்மேடையில் குட்டைப் பாவாடையுடன் ஆடும் பெண்ணை மரபின் எதிரியாக்கிவிடுகிறது.

முடிவுரை

மேற்கண்ட ஒப்பீட்டால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. இராமநாதபுரம் வட்டாரத்தில் பல மூலங்களின் உடை உறுப்புகளைக் கலக்கும் வழக்கம் திரைப்படத்திற்கு முந்தையது. 18-ஆம் நூற்றாண்டின் அரண்மனை ஓவியங்களிலேயே அது காணப்படுகிறது.

2. இசை நாடகத்தில் கலைஞர் தம் உடையைத் தாமே கொண்டுவரும் ஒப்பந்த முறையும், கரகாட்டத்தில் உடலசைவின் தேவையும் விளக்கொளியும், உடைக் கலப்பிற்கும் பகட்டிற்கும் அடிப்படைக் காரணங்கள். திரைத்தாக்கம் அவற்றுள் ஒன்று மட்டுமே.

3. திருவிழாத் தையற்காரர்கள் வடிவமைப்பாளர்களாக மதிக்கப்பட வேண்டியவர்கள். அவர்களது அளவுமுறை, துணித்தேர்வு, கலைச்சொற்கள் ஆகியன தொகுக்கப்பட வேண்டும்.

4. வேட உடையை மதிப்பிட ‘தூய்மை’ பொருத்தமான அளவுகோலன்று. அவ்வுடை யாரைச் சிரிக்க வைக்கிறது, யாரை வைத்துச் சிரிக்க வைக்கிறது, அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்னும் வினாக்களே பொருத்தமானவை.

நாட்டார் கலை ஆய்வேடுகளில் ‘ஒப்பனை’ என ஒதுக்கப்படும் ஒரு பத்தியைத் தனி இயலாக விரித்தால், கலைஞரின் உழைப்பும் வருவாயும் மானமும் அவ்வியலில் தாமே வந்து சேரும். உடையைப் பற்றித் தீர்ப்பு வழங்குவதற்கு முன், அதனைத் தைத்தவரிடமும் அணிந்தவரிடமும் கேட்டு எழுதுவது இத்துறை ஆய்வாளர் முன் உள்ள முதற்கடமையாகும்.